கொக்கு உட்கார்ந்த டைனோசர்

கலைமகளுக்குப் பரிசு என்றால் ஒரு கிறுக்கு. மன்னார்குடிப் பக்கத்தில் மகள் படித்த பள்ளியில் எந்தப் போட்டி வைத்தாலும் வரைவதும் ஒட்டுவதும் அம்மாக்கள்தான். பெயர் மட்டும் பிள்ளையுடையது. இது ஊரறிந்த விஷயம். போன வருஷம் ஓரகத்தி மகன் கோப்பையோடு நிற்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் டைனோசருக்கு வண்ணம் தீட்டும் போட்டி. பள்ளியிலிருந்து வந்த தாளில் நீண்ட கழுத்தோடு ஒன்று நின்றது. அடியில் பொடி எழுத்தில் டைனோசர்களைப் பற்றிச் சில செய்திகள். இரண்டாம் வகுப்புச் சுடர்விழி அவற்றை எழுத்துக் கூட்டி வாசிக்க, கலைமகள் குழம்பைக் கிண்டிக்கொண்டே "உம், உம்" என்றாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தவளுக்குப் பகீரென்றது.

"என்னடி இது, காலெல்லாம் கோடு தாண்டி அப்பி வச்சிருக்க?"

"நடவு வயல்ல நிக்குதும்மா. சேறு ஒட்டாதா?"

"முதுகுல கொக்கு எதுக்கு?"

"அதெல்லாம் பேரப்புள்ளைங்கம்மா. தாத்தாகிட்ட உப்புமூட்டை கேக்குதுங்க."

கலைமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் பரிசு யாருக்குப் போகும்? முன்ஜாக்கிரதையாக ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த இன்னொரு தாளை விரித்துத் தானே உட்கார்ந்துவிட்டாள். ஓரத்தில் அடர்த்தி, நடுவில் வெளுப்பு, எல்லாம் ஒரே பச்சை. சுடர்விழி கொஞ்ச நேரம் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"கொக்கு எங்கம்மா?"

"சும்மா இருடி."

பிள்ளை எழுந்து போய்விட்டது. அவள் வரைந்த தாள் குப்பையோடு சேர்ந்தது. மறுநாள் காலை வண்டி வந்து அள்ளிப் போயிற்று.

பள்ளிப் பரிசளிப்பில் முதல் பரிசு கிடைத்தது. மகள் பரிசோடு நிற்பதைக் கலைமகள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வகுப்பு ஆசிரியை ஹஃப்ஸா அவளைத் தனியாக அழைத்தாள்.

"ஓரம் தாண்டாம இருந்துச்சு, ஃபர்ஸ்ட் குடுத்துட்டாங்க. ஆனா பறவைங்க எல்லாம் டைனோசர் வம்சம்னு நான் சொன்னதும் உங்க பொண்ணுதாங்க எழுந்திரிச்சு, 'அப்ப எங்க வயலுக்கு வர்ற கொக்கெல்லாம் அதோட பேத்தியா டீச்சர்'னு கேட்டா. அதைக் கட்டாயம் வரைவான்னு ஆசையா இருந்தேன். வரையலையாங்க?"

"மறந்திருப்பா டீச்சர்" என்றாள் கலைமகள். அந்தப் பழியும் மகள் தலையிலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்து பரிசு வாங்கிய தாளை எடுத்து, அடியில் இருந்ததை முதல்முறையாக வாசித்தாள். பெரும்பாலான டைனோசர்கள் என்ன நிறத்தில் இருந்தன என்று யாருக்கும் தெரியாதாம். மகளுடைய தாள் கிடைக்குமென்றால் எந்தக் குப்பைமேட்டையும் கையால் கிளறியிருப்பாள். ஆனால் எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் புது கிரேயான் பெட்டியும் வேறொரு டைனோசர் படமும் வாங்கி வந்து மகள் முன்னால் வைத்தாள்.

"உன் இஷ்டம்போல கலர் அடி கண்ணு. சேறு, கொக்கு, என்ன வேணாலும் போடு. அம்மா கையே வைக்க மாட்டேன்."

சுடர்விழி தாளைப் பார்த்தாள். பிறகு அதைப் பத்திரமாக அம்மா பக்கம் தள்ளிவைத்தாள்.

"நீயே அடிம்மா. நான் அடிச்சா கோடு தாண்டிரும்" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.