செண்பகவல்லி பாரி எடுக்காத வருடம்

வெயில் நுழையாத அறை. ஓட்டு இடுக்கில் ஒரே ஒரு கீற்று. அதன் கீழே சட்டி சட்டியாய் அம்மனுக்கான முளைப்பாரி, வெளிறிய மஞ்சளில்.

அந்த அறைக்குள் போய்த் தண்ணீர் தெளிக்க, கோவில்பட்டியின் அந்தத் தெருவில் எப்போதும் செண்பகவல்லிதான். மாதவிலக்காகித் தூரமான பெண்கள் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. அவளுக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே. இருபத்தாறு வயதிலேயே நின்றுபோனது.

"கொடுத்து வச்சவ" என்றார்கள். முதல் பாரியை அவள் தலையில் ஏற்றினார்கள். நல்ல மரியாதைதான், போங்கள்! ஒரு பிள்ளைக்காக ஏங்கி, உள்ளுக்குள் அழுதுகொண்டே நடந்தாள்.

மாசியில் மதுரைக்குப் போனாள். சினைப்பை தூங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. எழுப்பிப் பார்க்கலாம், புதுச் சிகிச்சை, இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜை எடுத்தார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஊசி வழியே சினைப்பையில் விட்டார்கள்.

இரவல் இல்லை. எல்லாம் அவளுடையது. அவள் எலும்பே அவள் வயிற்றுக்கு ஒத்தாசை செய்தது. நினைக்க நினைக்கத் தன் உடம்பின் மேல் அவளுக்கொரு பெருமை வந்தது.

சித்திரை போனது. ஒன்றுமில்லை. ஆடியில் மழை தூறியது. ஒன்றுமில்லை.

ஆவணியில், பாரி எடுக்கும் நாள் காலையில், குளியலறையில், சிவப்பு. ஒரு துளி. பிறகு இன்னும்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அழுதாள். இது வந்ததாலேயே பிள்ளை வந்துவிடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தெரியும். இருந்தாலும் வந்துவிட்டதே!

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள், பட்டும் மல்லிகையுமாய். மாமியார் குருவம்மாள் சும்மாடு சுற்றிக்கொண்டு நின்றாள். "வா தாயி, தூக்கு."

செண்பகவல்லி படியிறங்கவில்லை. மற்றவர்கள் காதோடு காதாகச் சொல்லும் சேதியை அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நான் தூக்கக் கூடாது அத்தை. தூரமாயிட்டேன்!"

குருவம்மாளின் கையிலிருந்து சும்மாடு நழுவியது. மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

சட்டி தலையேறிய பிறகுதான் குலவை. அதுதான் வழக்கம். குருவம்மாள் அதையெல்லாம் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, நாக்கைச் சுழற்றி, மருமகளைப் பார்த்துக் குலவையிட்டாள். ஒவ்வொருத்தியாய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

முதல் பாரியை வேறொருத்தி எடுத்தாள். ஊர்வலம் நகர்ந்தது.

தள்ளி, வெயிலில், தலையில் ஒன்றும் இல்லாமல், தலை நிமிர்ந்து நின்றாள் செண்பகவல்லி.