அட்டையைக் கொண்டு வாங்க

வெள்ளிக்கிழமை கடைசி மணி நூலக வகுப்பு. பி.யூ.சி. பட்டியலில் நாற்பத்திரண்டு பேர். நூலக வராந்தாவில் வந்து உட்கார்ந்தது பதினொரு பேர். அதிலும் நாலு பேர் தூங்கினார்கள், மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் நெல்லையம்மாளுக்கு வயிறு எரிந்தது.

இந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் பிரின்ஸ்பால் அறைக்கு ஒரு வருஷம் நடையாய் நடந்திருக்கிறாள். புத்தகம் வாங்குவதற்குக்கூட ஒரு வகுப்பா என்று அவர் சிரித்துச் சிரித்தே தட்டிக்கழித்தார். அவர் சிரித்ததிலும் நியாயம் உண்டு. அந்தக் கல்லூரியில் மாணவர்கள் யாரும் நூலகத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே நின்று வாயில் வந்த பெயரைச் சொல்ல வேண்டும். உதவியாளர் சண்முகையா கைக்கு எட்டினதை எடுத்து நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு போவதற்குப் பெயர் படிப்பு. கல்லூரி வந்து ஐந்து வருஷமாகியும் பாதிப் புத்தகங்களில் புது வாசனை போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கு அவள் பிரசங்கத்தை மூட்டை கட்டி வைத்தாள். போட்டி என்று நோட்டீஸ் போர்டில் எழுதினாள். ஜெயிப்பவன் உள்ளே வந்து தானாகவே ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினாள். முப்பத்தெட்டு பேர் வந்தார்கள்.

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தாள். கரிசல் மண் ஏன் வெடிக்கிறது, கிணற்று மோட்டார் ஏன் புகைகிறது என்று அவர்கள் வீட்டுக் கேள்விகளாகவே பார்த்து எழுதியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் ஆறு இழுப்பறை வைத்த மரப்பெட்டி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதில் ஓர் அட்டை. அட்டையின் மூலையில், புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் எண். அட்டைகள் இடம் மாறாமலிருக்க அடியில் ஒரு கம்பி கோத்து, முனையில் திருகு வைத்திருக்கும்.

"உங்க கேள்விக்குப் பதில் உள்ள புத்தகத்துக்கு இதுல ஒரு அட்டை இருக்கு. அட்டையைக் கண்டுபிடிச்சு எங்கிட்ட கொண்டு வாங்க. புத்தகம் உங்க கைக்கு வந்துரும்" என்றாள்.

சொல்லிவிட்டு, புத்தகம் எடுத்துக் கொடுக்க உள்ளே போய்விட்டாள். வராந்தாவில் ஒரே சத்தம், சிரிப்பு, ஓட்டம். நூலகத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. எட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

திரும்பி ஜன்னலுக்கு வந்தபோது மேஜையில் அட்டைகள் குவியலாகக் கிடந்தன. அட்டையை விட்டுவிட்டு அதன் மூலையிலிருந்த எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தவன் ஒருவன்கூட இல்லை. ரேஷன் கடையில் அட்டையை நீட்டினால்தான் மண்ணெண்ணெய், ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டினால்தான் மருந்து. எந்த ஜன்னலில் எதை வாங்கினாலும் கையில் உள்ளதை நீட்டியே பழகின பிள்ளைகள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு நாலைந்து எடுத்து வந்திருந்தார்கள். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துப் பையன் கருத்தப்பாண்டி, பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவர் மகன், ஆறு திருகையும் கழற்றிக் கம்பிகளை வரிசையாகச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தான். முகம் முழுக்கப் பெருமை.

"எல்லாருக்கும் நான்தான் டீச்சர் கழத்திக் குடுத்தேன்" என்றான்.

சத்தம் கேட்டு வந்த பிரின்ஸ்பாலும் அதைக் கேட்டார். இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். அட்டையை உருவச் சொன்னது நீங்களா என்று அவளைக் கேட்டார்.

அவளுடைய வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "எண்ணை எழுதி எடுத்துக்கிட்டு வரணும்கிறதுதான் சார் முறை" என்றாள்.

பொய்யில்லை. ஆனால் அதைவிடக் கெட்ட பேச்சு ஒன்றை அவள் அதுவரை பேசியதில்லை. கருத்தப்பாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். நீங்க சொன்னது அப்படி இல்லையே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தகப்பனாரைக் கூட்டி வந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் வகுப்பு என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். நூலக வகுப்பும் அன்றோடு ரத்து.

ஆடித்தபசுக்கு விட்ட மூன்று நாள் லீவிலும் அவளும் சண்முகையாவும் உட்கார்ந்து அட்டைகளைக் கோத்தார்கள். ஊரே கோயிலில் இருந்தது. ஓர் அட்டை மட்டும் குறைந்தது. லீவு முடிந்ததும் முதல் வேலையாகப் பிரின்ஸ்பாலிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். கல்லூரி திறந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடியது. கோழைத்தனத்துக்கு 'நாளைக்கு' என்பதைவிடப் பொருத்தமான வேறு பெயர் கிடையாது.

எட்டாம் நாள் ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். கருத்தப்பாண்டியின் அப்பா, பெயர் தங்கசாமி என்றார். சட்டைப் பையிலிருந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த அட்டையை எடுத்தார்.

"பய பைக்குள்ளயே இருந்துருக்கு. களவாண்டதுன்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு குடுத்துட்டு வரச் சொன்னான்" என்றார். பிறகு தயங்கினார். "இதைக் கொண்டாந்தா ஒரு புஸ்தகம் தருவியளாம்லா? டீச்சர் அப்படித்தான் சொன்னாகன்னு சொல்லுதான்."

கிணற்று மோட்டார் பற்றிய புத்தகத்தின் அட்டை அது. அவள் சொன்ன சொல் ஒன்றுகூடக் குறையாமல் திருவேங்கடம் வரைக்கும் போய்விட்டு அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. நெல்லையம்மாள் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"அவன்மேல தப்பு இல்லை அண்ணாச்சி. அட்டையைக் கொண்டு வரச் சொன்னது நான்தான்."

தங்கசாமி கோபப்படவில்லை. இடது கையில் இருந்த இன்னொரு காகிதத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஆபீசில் வாங்கிய டி.சி. மன்னிப்பு எழுதித் தர மகன் ஒத்துக்கொள்ளவில்லையாம். நான் தப்பு பண்ணலையே, எதுக்கு எழுதணும் என்று கேட்டானாம். நாலு சாத்துச் சாத்தியும் கேட்கவில்லையாம்.

"அன்னைக்கே இதைச் சொல்லிருக்கலாமேம்மா" என்றார். "நான் அவனை அடிச்சிட்டேனே."

அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த டி.சி.யைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கை நீட்டினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலில் கேட்டால் காகிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. கொடுத்துவிட்டார்.

ஒரு கையில் டி.சி.யும் மறு கையில் அட்டையுமாக நெல்லையம்மாள் பிரின்ஸ்பால் அறையைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். தங்கசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகனுக்குப் புத்தகம் வரும் என்று அந்த ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தார்.