கம்பத்தில் பட்ட பந்து

டயர் தொழிற்சாலையின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறவருக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற வியாதி. போன ஆட்டத்தில் மச்சினனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று கேன்டீனில் எவனோ வாய்க்கு வந்தபடி பேசிவைக்க, மனிதருக்கு வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே மச்சினன்தான், மனைவியின் தம்பி, இப்போது மட்டையோடு நின்றான். தொழிற்சாலையில் தற்காலிக ஆள். "ஜெயிச்சுக் குடு, வேலையை நிரந்தரமாக்கிடுறேன். தோத்தா இந்த மாசத்தோட கிளம்பிடு" என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆட்டம் முடியப்போகிறது. பந்தை வேலிக்கு வெளியே அடிக்கிற ஒரு ஹோம் ரன் போதும்.

அடித்தான். பந்து உயரப் பறந்து, எல்லையைக் காட்ட வேலியோரம் நட்டிருந்த மஞ்சள் கம்பத்தின் உச்சியில் பட்டு வெளிப்பக்கம் விழுந்தது. கம்பத்தில் பட்டாலே ஹோம் ரன்தான். அம்பயர் கண்ணால் பார்த்தார்.

"படவேயில்ல, தள்ளிப் போச்சு" என்று எதிரணிக் கேப்டன் ஓடிவந்தான்.

"மச்சினனாச்சே, குடுத்துடுவாரு பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெளியிலிருந்து யாரோ எறிந்த பந்து அவர் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்தார். கம்பத்துக்குக் காலையில்தான் அடித்த மஞ்சள் பெயின்ட், பந்தில் பளிச்சென்று ஒட்டியிருந்தது. பந்து வழுக்காமலிருக்க மண் தேய்த்துக் கொடுப்பது அம்பயரின் வேலைதான். அதனால் அவர் குனிந்து ஈரமண்ணை அள்ளித் தேய்த்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. மஞ்சள் போகும்வரை தேய்த்தார்.

"செல்லாது. ஃபவுல்."

அடுத்த பந்தில் மச்சினன் அவுட். ஆட்டம் போயிற்று, வேலையும் போயிற்று. மேனேஜர் வந்து அம்பயரின் கையைக் குலுக்கினார். "சொந்தக்காரன்னுகூடப் பாக்கலயே சார். மனுஷன்னா நீங்கதான்."

அம்பயருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெட்கக்கேடுதான், ஆனாலும் நல்ல பசி எடுத்தது.

வீட்டில் மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "பந்து கம்பத்துல டங்குன்னு பட்ட சத்தம் எனக்கே கேட்டுதுங்க. வேலிகிட்டதானே உக்காந்திருந்தேன்."

அவர் தட்டைப் பார்த்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பிதான் பதில் சொன்னான். "சும்மா இரு, அக்கா. மாமா பாத்தா தப்பா இருக்குமா? நான்தான் சரியா அடிக்கல."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மேனேஜர் வீடு கூப்பிடு தூரம்தான்.

திறந்தார். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி அடிச்சிருக்கணும்டா."

"சரி மாமா" என்றான் அவன்.