மீதி ஒரு சதவீதம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அதைப் பற்றி ஒரு பத்திரிகை என்னிடம் ஆயிரம் சொற்கள் கேட்டிருந்தது. தலைப்புகூட வைத்துவிட்டேன். 'வளரும் பொருளாதாரங்களில் வைப்புதாரர் பாதுகாப்பு: சில...'

(சில என்ன? தெரியவில்லை. அங்கேயே தூங்கிவிட்டேன்.)

மறுநாள் திருத்தணி பஸ்ஸைத் தவறவிட்டு கே.ஜி.கண்டிகையில் நின்றிருந்தபோது, பக்கத்தில் இருந்த வங்கிச் சேவை மையத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நூறு வரணும் பெரிம்மா. தொண்ணூத்தொம்போதுதான் வருது." அவ்வளவுதான் கேட்டேன். அடுத்த பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய வரி: 'அனுராதா கமிஷனுக்காகப் பெற்ற தாயையே வரிசையில் நிற்கவைப்பாள்.'

வங்கியின் கிளை திருத்தணியில் இருக்கிறது. ஊருக்குள் அதன் சார்பாக ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், கைரேகை மெஷின், அவற்றுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வயது அனுராதா. கதைக்கு ஒரு வில்லி வேண்டுமே என்று அவளைப் பிடித்துப்போட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், யாராவது பணம் எடுத்தால்தான் அவளுக்குக் கமிஷன். நாமினி சேர்ப்பதற்குச் சல்லிக்காசு கிடையாது. கிடைக்காத காசுக்கு அத்தனை பொறுமையாகப் பேசியவளை எப்படித் திட்டுவது? அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

3

கோவிந்தம்மாள் உள்ளே வந்தபோது மணி நாலு. வாசலில் அவளுடைய மூத்த மகன் பாலமுருகன் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"கண்ணு, இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடு. நான் நல்லா இருக்கும்போதே முடியணும்."

அந்த அவசரம் ஏன் என்று அனுராதாவுக்குத் தெரியும். கோவிந்தம்மாளின் கணவர் பக்தவச்சலம் மூன்று வருஷத்துக்கு முன் நாமினி போடாமல் செத்துப்போனார். கணக்கில் இருந்தது முப்பத்தெட்டாயிரம். அதை வாங்க வாரிசுச் சான்று, தாலுகா ஆபீஸ், நோட்டரி என்று பதினோரு மாதம் அலைந்தார்கள். அனுராதாவும் இரண்டு தடவை கூடவே திருத்தணிக்குப் போனாள். பணம் வந்தது. வந்த அன்றைக்கே, அலைந்த செலவு யாருடையது என்று மகன்கள் இருவரும் ஆரம்பித்து, ஆறு மாதம் முகத்தில் விழிக்காமல் இருந்தார்கள். இப்போது கோவிந்தம்மாளிடம் கழனி வேலையிலும் நூறு நாள் வேலையிலும் சேர்த்த தொண்ணூறாயிரம் இருக்கிறது. தன் பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் சண்டை போடக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சட்டப்படி நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. கட்டுரையாக இருந்தால் இதை மூன்று பத்திகளில் விளக்கியிருப்பேன். ஊரில் கணக்கு வேறு. ஃபாரத்தில் பேர் இருக்கிறவனுக்குத்தான் பணம்.]

"மூணு பேருக்கும் சமமாப் போட்டுடு. பாலமுருகன், கயல்விழி, கதிரவன்."

அனுராதா ஆளுக்கு முப்பத்து மூன்று போட்டாள். திரை சிவப்பாகியது. முப்பத்து மூன்றுக்குப் பின்னால் தசமப் புள்ளி வைத்துப் பார்த்தாள், மெஷின் வாங்கவில்லை. அப்போதுதான் நான் கேட்ட அந்த வரியைச் சொன்னாள். பிறகு, "யாராவது ஒருத்தருக்கு முப்பத்திநாலு போட்டாத்தான் எடுக்கும்" என்றாள்.

"பெரியவனுக்குப் போட்டா பொண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. பொண்ணுக்குப் போட்டா சின்னவன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிகினு திரிவா."

"ஒண்ணுதான பெரிம்மா. தொள்ளாயிரம் ரூவா."

"ரூவாயா பெருசு? நான் போன அப்புறம் இந்தக் கடுதாசிதான பேசப் போவுது. அம்மாவுக்கு அவன்தான் ஒசத்தின்னு." கொஞ்சம் யோசித்தாள். "அந்த ஒண்ண மலை மேல கீறவருக்குப் போட்டுடேன்."

அனுராதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமிக்குல்லாம் போட முடியாது. ஆளா இருக்கணும். பொறந்த தேதி கேக்குது."

"ஆடிக் கிருத்திகைன்னு போடு."

"வருஷம்?"

கோவிந்தம்மாளும் சிரித்தாள்.

(இங்கேயே முடித்திருக்கலாம். வாசகர் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பியிருப்பார். ஆனால் அந்த ஒன்று அப்படியே நிற்கிறதே.)

4

விஜயன் என்கிறவனை நான் கணக்கை நேர் செய்வதற்காகத்தான் உண்டாக்கினேன். திரையில் நான்காவது வரி காலியாக இருந்தது, ஒரு சதவீதத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்தவச்சலத்துக்கு முதலில் ஆந்திராப் பக்கம் நகரியில் ஒரு மனைவி இருந்தாள், பிரசவத்தில் இறந்தாள், பிள்ளை அவள் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தான் என்று எழுதினேன். வெறும் பேராகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கோவிந்தம்மாள் விடவில்லை.

"நாலாவதா ஒருத்தன் கீறான் கண்ணு. விஜயன்னு போடு."

"வயசு?"

"பாலமுருகனுக்கு அஞ்சு வருஷம் மூத்தவன். பங்குனில பொறந்தான்." இவ்வளவு சரியாக அவளுக்கு நினைவிருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அனுராதாவின் கை நின்றது. பக்தவச்சலத்தின் சாவன்று அவளும் அங்கே இருந்தாள். நகரியிலிருந்து ஒருவன் மாலையோடு வந்து தெருமுனையில் நின்றான். "பின்னி, நைனாவை ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினான். பின்னி என்றால் தெலுங்கில் சின்னம்மா. வீட்டில் பங்கு கேட்டுவிடுவானோ என்ற பயத்தில், அவன் யாரென்றே தெரியாது, போகச் சொல்லுங்கள் என்று கோவிந்தம்மாள் எல்லார் முன்னாலும் கத்தினாள். மாலையைத் தெருவோரத்தில் வைத்துவிட்டு அவன் போனான்.

அடுத்த கட்டம், உறவு. அனுராதா 'மற்றவர்' மேல் அம்பைக் கொண்டுபோனாள். "மத்தவங்கன்னு போட்டுடட்டா பெரிம்மா? பிரச்சனை வராது."

"ஏன், மகன்னு இல்லியா அதுல?"

"கீது."

"அதப் போடு."

அனுராதா போட்டாள். நூறு வந்தது.

5

கோவிந்தம்மாளுக்குக் கையெழுத்து வராது, கட்டைவிரல் ரேகைதான். ரேகை வைத்தால் எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும், இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். டீக்கடை எல்லப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காத்திருந்த நாலைந்து பேர் முன்னிலையில் அனுராதா படித்தாள். விஜயன், மகன், ஒரு சதவீதம். வாசலில் பைக் ஸ்டாண்ட் சத்தம் கேட்டது.

"யம்மா, அன்னிக்கு நீதான அவனத் தொரத்துன?" பாலமுருகன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆங், நான்தான். அது தப்புடா."

"நாளைக்கு வூட்டுலயும் பங்கு கேட்டா?"

"கேக்கட்டும். அவங்கப்பன் வூடு."

கோவிந்தம்மாள் ரேகை வைத்தாள். எல்லப்பன் யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். இன்னொரு சாட்சிக்கு அனுராதா பார்த்தபோது அறை காலியாகியிருந்தது. பாலமுருகன் வீட்டு விவகாரத்தில் யார் தலையைக் கொடுப்பார்கள்?

[கைவிட்ட முடிவு ஒன்று: பாலமுருகன் கண் கலங்கி, அம்மாவின் காலில் விழுந்து... இல்லை. இரண்டு: அவன் ஃபாரத்தைப் பிடுங்கிக் கிழித்து... இல்லை. அவன் கெட்டவனில்லை, பயந்தவன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான்.]

மணி ஐந்தானால் சர்வர் மூடிவிடும். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது. இன்று விட்டால் நாளை வீட்டில் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கோவிந்தம்மாள் மனதை மாற்றிவிடுவார்கள் என்று அனுராதாவுக்குத் தெரியும். அவள் சாட்சி போட முடியாது, ஃபாரம் நிரப்பியது அவள். நானும் போட முடியாது, இதில் பாதியை இட்டுக்கட்டியவன் நான். சாட்சிக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், பேர் ஃபாரத்தில் இருக்கக் கூடாது, கோவிந்தம்மாள் ரேகை வைத்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தீர்கள். அனுராதா பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறாள். பாலமுருகன் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். விரலில் மை காயாமல் கோவிந்தம்மாளும் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"நீயும் போவப் போறியா, போடப் போறியா?"