சிவப்பு மைக்காரர் சொன்ன நேரம்

ஆலைச் சங்கு எட்டு மணிக்கு ஊதி ஓய்ந்ததும், வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரக் காப்பாளர் சிவப்புப் பேனாவைத் திறப்பார். எட்டு ஒன்றுக்கு வந்தாலும் பெயருக்கு எதிரே கோடுதான். "பெத்த அப்பன் வந்தாலும் கோடு போடுற ஆளுடா" என்று தொழிலாளர்கள் அவருக்குச் 'சிவப்பு மை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு நாளும் தாமதித்ததில்லை. அந்தப் பெருமையே அவரை வழுக்கி விட்டது.

அந்தப் புதன்கிழமை காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏங்க, நெஞ்சுல பாறாங்கல்லை வெச்ச மாதிரி இருக்கு. தாடைகூட வலிக்குது."

"வாயுவா இருக்கும். வெந்நீர் குடிச்சுட்டுப் படு. எனக்கு மணியாகுது."

மாலையில் திரும்பியபோது அவள் வேர்வையில் நனைந்து கிடந்தாள். "லீவு சொல்லாம எப்படி? நாளைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்ட போகலாம்" என்றார். மறுநாளும் வேலைக்குப் போனார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். அவள் கையும் காலும் சில்லிட்டிருந்தன. அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவன், ஆலைக்கும் தகவல் சொன்னான். நேரக் காப்பாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?" டாக்டர் கேட்டாள்.

மச்சானின் பார்வை முகத்தில் குத்தியது. "இன்னைக்குக் காலைல. ஆறு மணி இருக்கும்."

"அப்படியாம்மா?"

ஆக்சிஜன் முகமூடிக்குப் பின்னாலிருந்து அவள் கணவனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மெல்லத் தலையாட்டினாள்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள்.

"அடைப்பை எடுத்துட்டோம். ஆனா இதயத்தால ரத்தத்தைத் தள்ள முடியல. தொடை வழியா ஒரு சின்ன பம்ப் வெச்சிருக்கோம். மெஷின் மட்டும் காப்பாத்திடாது சார். வயசு, சுகர், கிட்னி, எல்லாத்துக்கும் மேல மத்த உறுப்பெல்லாம் எவ்வளவு நேரம் ரத்தமில்லாமத் தவிச்சுதுன்னும் பாக்கணும். நீங்க சொன்ன நேரத்துக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் பொருந்தவே இல்ல. உண்மையான நேரம் தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யலாம்னு யோசிக்க முடியும்."

அவர் மச்சானிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"நேத்துக் காலைல... ஏழே காலுக்கு."

டாக்டர் உள்ளே விரைந்தாள்.

"அக்காவும் தலையாட்டினாளே மாமா?"

"எனக்காக ஆட்டினா."

மச்சான் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் தாழ்ந்த குரலில்தான் கேட்டான். "என் சிநேகிதன் ஒரு நிமிஷம் லேட்டா வந்ததுக்குக் கோடு போட்டீங்க. அக்காவை ஒரு நாள் முழுக்கக் காக்க வெச்சதுக்கு எந்த மையில போடுவீங்க?"

அடுத்த ஐந்து நாட்களும் அந்த வராந்தாவில் யாருடைய முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறாம் நாள் பம்ப்பை எடுத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் இதயத்தின் பாதி பலம் போய்விட்டது, அது திரும்புவது சந்தேகம் என்றாள் டாக்டர். கண் விழித்தவள், கட்டிலருகே நின்ற கணவனைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"ஏங்க, உங்களுக்கு மணியாகலையா?"

செருப்பால் அடித்திருந்தாலும் அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. மச்சான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்த குரலில் சொன்னார்:

"வீட்ல ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா, அதுக்கப்புறம் வேற எந்த வேலைக்கும் மணியாகக் கூடாதும்மா. உடனே கிளம்பணும். டாக்டர் கேட்டா, எவ்வளவு கேவலமா இருந்தாலும் உள்ள நேரத்தைச் சொல்லணும். நான் மானத்தைக் காப்பாத்தப் பார்த்தேன். உன் உயிரைத்தான் பணயம் வெச்சேன்."

அவள் வறண்ட உதட்டில் லேசாகச் சிரித்தாள்.

"அப்போ உங்க பேருக்கு நேரா ஒரு கோடு போட்டுக்கோங்க."

அவரால் சிரிக்க முடியவில்லை.