காவல் இரவில் தூங்கியவள்

ஜப்பானிய மலைக்கிராமம் ஒன்றில், ஒஷிகெயின் மகனுக்குக் கின்சாகு என்று பெயர் வைத்த அன்றே ஊர் அவன் தலையெழுத்தை எழுதி முடித்துவிட்டது. கோஷின் இரவில் கருவான பிள்ளை திருடனாவான், பெயரில் பொன்னைச் சேர்த்தால் தோஷம் கழியும் என்பார்கள். 'கின்' என்றால் பொன். தோஷம் கழிந்ததோ இல்லையோ, கூப்பிடும்போதெல்லாம் ஊருக்கு அது நினைவுக்கு வந்தது.

கோஷின் இரவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மனிதனுக்குள் குடியிருக்கும் மூன்று புழுக்கள், அன்று அவன் கண்ணயர்ந்தால் வானுலகம் போய் அவன் பாவங்களை ஒப்பித்துவிடும், ஆயுசு குறையும். அதனால் ஊரே விடிய விடிய விழித்திருக்கும். பாவத்தை நிறுத்தலாமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. போதாததற்கு ஊர் எல்லையில் ஒரு கல்லை நட்டு, கண்ணையும் காதையும் வாயையும் பொத்திய மூன்று குரங்குகளைச் செதுக்கியிருந்தார்கள். புழுக்களும் அப்படியே இருக்கட்டும் என்று வேண்டுதல்.

பஞ்சக் குளிர்காலத்தில் பொதுக் களஞ்சியத்தில் விதைநெல் குறைந்தது. எடுத்தவன் ஒஷிகெயின் கணவன் தொமெகிச்சி. கஞ்சி காய்ச்சியது அவள்.

"வேற யாரு, பொன்னுப் பேரு வெச்சவன்தான்!" என்றார் ஊர்த்தலைவர். "பொறப்பு அப்படி. அவன் மட்டும் ஊர விட்டுப் போகட்டும், குடும்பத்த விட்டுடலாம்."

கின்சாகு தாயைப் பார்த்தான். "சொல்லும்மா. நான் எடுக்கலன்னு சொல்லு."

உண்மையைச் சொன்னால் குடும்பத்தையே ஒதுக்கிவைப்பார்கள். நெருப்பும் தண்ணீரும் கிடைக்காது. இடுப்பில் பால் மறக்காத பெண்குழந்தை. ஒஷிகெ கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று ஊர் நினைத்தது. மகன் அப்படி நினைக்கவில்லை. குரங்குக் கல்லைத் தாண்டிப் பனிக்குள் நடந்தான், திரும்பிப் பார்க்கவே இல்லை.

பனி உருகியபோது, கணவாய்க்குக் கீழே பிணமாகக் கிடைத்தான்.

அடுத்த கோஷின் இரவு தலைவர் வீட்டில் கூட்டம். சாகே என்ற அரிசி மதுவை ஊற்றினார்கள், பேய்க்கதை சொன்னார்கள், சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததை ஒஷிகெயால் பொறுக்க முடியவில்லை. தூங்கும் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் கொடுத்துவிட்டு, நடுக்கூடத்தில் பாயில் நீட்டிப் படுத்தாள்.

தொமெகிச்சி அவள் தோளை உலுக்கினான். "ஏய், என்ன பண்ற? எந்திரி! செத்துத் தொலையணுமா?"

"தூக்கம் வருதுங்க."

"புழு போயிடும்டி!"

"போகட்டும். நான் வாயப் பொத்துனத அது மேல சொல்லணும். ஏன் பொத்துனேன்னு கேப்பாங்க இல்ல? அப்ப உங்களப் பத்தியும் சொல்லித்தானே ஆகணும்."

சிரிப்பு நின்றது. தலைவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொமெகிச்சியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவன் அவளை உலுக்கிக்கொண்டே இருந்தான். மகன் போன பிறகு முதன்முறையாக ஒஷிகெ அயர்ந்து தூங்கிவிட்டாள்.