யேகன் ஓடிய ஓட்டம்

கிழக்கேயிருந்து வந்த கித்தான் இனத்துப் படையை முறியடித்ததற்காகத் தோலா ஆற்றங்கரையில் வெற்றி விருந்து நடந்த அன்று, மத்தியானத்திலிருந்தே கூட்டம் முழுக்க யேகனைப் போல ஓடிக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் சேணத்தைத் தரையில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, இல்லாத குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "ஐயோ, அம்மா!" என்று அலறினான். இன்னொருவன் தன் தொப்பியைத் தானே தட்டிவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு கூடாரங்களைச் சுற்றி ஓடினான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நடிப்புன்னா அது நடிப்பு!" என்றான் தாதிக். யேகனின் மனைவி அல்துனுக்குத் தம்பி அவன். இடுப்பில் ஈட்டிக் காயத்தோடு கம்பளிச் சுருளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "என் குதிரை இடறி விழுந்துச்சு. நான் தரையில கெடந்து 'மச்சான், மச்சான்'னு கத்துறேன். மனுசன் திரும்பிக்கூடப் பாக்கலையே! என்மேல ஏறி மிதிக்காததுதான் பாக்கி. வலி உயிர் போகுது, அப்பவும் நெனச்சேன், இதப் பாத்து நம்பாத கித்தான் எவன் இருப்பான்னு!"

எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். யேகன் கிண்ணத்தில் இருந்த புளித்த குதிரைப்பாலையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சுட்டது.

அவன் நடிக்கவில்லை.

பயந்து ஓடுவதுபோல ஓடி, துரத்துகிறவனை மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் படையிடம் இழுத்துவந்து அடிக்கும் வித்தை கித்தான்களுக்கும் தெரியும். அவர்களும் குதிரைமேல் வளர்ந்தவர்கள்தான். அதனால் அவர்களை ஏமாற்றுவது லேசில்லை. ஓட வேண்டிய குழுவில் யேகனும் தாதிக்கும் இருந்தார்கள். ஓடும்போதே சேணத்தில் உடம்பைத் திருப்பி, பின்னால் வருகிறவன்மேல் அம்பு விட வேண்டும். தலைவர் தோகன் மேட்டிலிருந்து விடும் ஊதல் அம்பு தலைக்குமேல் கூவியதும் எல்லோரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். நடை பழகிய நாளிலிருந்து பழகிய வேலை.

ஆனால் பக்கத்தில் போனவனின் கழுத்தில் கித்தான் அம்பு ஒன்று குத்திட்டு நின்றதைப் பார்த்ததும் யேகன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். வில்லை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. தாதிக் கூப்பிட்டது கேட்டது. ஊதல் அம்பு கூவியதும் கேட்டது. இரண்டும் வேறு யாருக்கோ என்பதுபோல் இருந்தது. குதிரை ஆற்றில் இறங்கி, நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் அவனுக்குத் தன் கையும் காலும் தெரிந்தன. திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. புழுதியில் அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. அவனுடைய ஓட்டத்தைப் பார்த்துத்தான் கித்தான்கள் வரிசை கலைந்து தலைதெறிக்கத் துரத்தி வந்தார்கள் என்பது மட்டும் உண்மை.

விருந்தில் சிரிப்பு அடங்குவதற்குள் தோகன் எழுந்து வந்து, கொம்பும் மரமும் நரம்பும் சேர்த்து ஒட்டிய தன் சொந்த வில்லை எல்லோர் முன்னிலையிலும் யேகனிடம் கொடுத்தார். "அடுத்த தடவை ஓடுற கூட்டத்துக்கு நீதான்டா முன்னாடி!"

யேகன் வாங்கிக்கொண்டான்.

கூடாரத்தில் அல்துன் அவனுடைய அம்பறாத்தூணியைப் பிரித்து, அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பளியில் வைத்தாள்.

"ஏய்யா, நான் கட்டிக் குடுத்த எறகு ஒண்ணுகூடக் கசங்கலையே."

அவன் குனிந்து காலணி வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவள் அம்புகளைத் திரும்பவும் உள்ளே வைத்து மூடினாள்.

"என் தம்பி உன்னப் பத்திப் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போயிக் கெடக்கான்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

காயம் ஆறத் தொடங்கியதும் தாதிக் நொண்டிக்கொண்டே வந்தான். "மச்சான், அடுத்த தடவை உன் பக்கத்துலதான் குதிரையை விடுவேன். அந்த நடிப்ப நானும் கத்துக்கணும்."

இதை யேகனால் தாங்க முடியவில்லை. நேரே தோகனிடம் போனான். அவர் குதிரையின் காலை மடியில் தூக்கிவைத்துக் குளம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் நடிக்கல. நெசமாவே பயந்துதான் ஓடினேன்."

"தெரியும்" என்றார் அவர், தலை நிமிராமல். "மேட்டுமேல நின்னு பாத்தவன் நான். திரும்புனவன் எவன், திரும்பாதவன் எவன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு வில்லக் குடுத்தீங்க?"

"பயலுக அத நடிப்புன்னு நம்புறானுங்க. நம்பட்டும். நெசம்னு தெரிஞ்சா, பக்கத்துல வர்றவன் திரும்புவானா மாட்டானான்னு ஒவ்வொருத்தனுக்கும் சந்தேகம் வரும். அது வந்துடுச்சுன்னா ஒருத்தனும் திரும்ப மாட்டான்." கத்தியைத் துடைத்தார். "வாய மூடிக்கிட்டு முன்னாடி போ. உனக்கு ஓடத்தான் தெரியும்னா, ஓடு. திரும்புற வேலைய மத்தவன் பாத்துக்குவான்."

சவுக்கால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே யேகன் நடந்தான்.

புல்லில் முதல் உறைபனி விழுந்தபோது கித்தான்கள் மறுபடி வந்தார்கள். யேகன் முன்னால் ஓடினான், பக்கத்தில் தாதிக். பயம் போகவில்லை, அதே இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, 'ஓடத்தான் தெரியும்னா ஓடு' என்ற பேச்சு மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. கித்தான்கள் இந்த முறை அவசரப்படாமல் இடைவெளி விட்டு வந்தார்கள். மேடு இன்னும் தூரத்தில் இருந்தது. ஊதல் அம்பு கூவவில்லை.

யேகன் குதிரையைத் திருப்பினான்.

தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, கட்டைவிரலில் நாணை மாட்டி இழுத்து, அம்புமேல் அம்பாக விட்டான். ஒரு கித்தான் சேணத்திலிருந்து சரிந்தான். யேகனின் நெஞ்சு லேசானது. அந்த ஒரு கணம்தான்.

அவன் திரும்பியதைப் பார்த்து, நேரம் வந்துவிட்டது என்று நினைத்துத் தாதிக்கும் திரும்பினான். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்ப, பாதிப் பேர் ஓட, குதிரைகள் ஒன்றோடொன்று மோதின. கித்தான்கள் கடிவாளத்தை இழுத்து நின்றார்கள். மேட்டைப் பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள். கிட்டே வராமல் நின்ற இடத்திலிருந்தே அந்த நெரிசலுக்குள் அம்பு மழை பொழிந்துவிட்டு, கிழக்கே போய்விட்டார்கள். மேட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் வந்து சேர்ந்தபோது பிணங்களைச் சேணத்தில் கட்டுகிற வேலைதான் மிச்சம் இருந்தது.

யாரும் யேகனைத் திட்டவில்லை. "ரத்தம் கொதிச்சுப்போச்சு அவனுக்கு" என்றார்கள். "அவ்வளவு வீரம் ஆகாது" என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவனுக்கு.

தோகன் மட்டும் வந்து கையை நீட்டினார். யேகன் வில்லைக் கொடுத்தான்.

"ரெண்டு தடவையும் நீ உன்னப் பத்தி மட்டுந்தான்டா நெனச்ச" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றே யேகன் தாதிக்கைத் தேடிப் போனான். செத்தவர்களுக்காக, அவர்கள் இன வழக்கப்படி, கன்னத்தைக் கத்தியால் கீறிக்கொண்டு, ரத்தம் காயாமல் உட்கார்ந்திருந்தான் தாதிக். யேகன் எதையும் மறைக்காமல் சொன்னான். முதல் ஓட்டம், ஆறு, கசங்காத இறகு, இன்று ஏன் திரும்பினான் என்பது வரை.

தாதிக் கன்னத்து ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பயம் எனக்கும்தான் இருந்துச்சு. விட்டுட்டு ஓடுனதக்கூடப் பொறுத்துக்குவேன்." கத்தியைத் தரையில் குத்தினான். "விருந்துல உன்னப் பத்தி நான் பெருமையாச் சொல்லிச் சிரிச்சேனே, அப்ப பக்கத்துல உக்காந்து பாலக் குடிச்சிட்டிருந்தியே. அது எப்படிய்யா முடிஞ்சுச்சு உன்னால?"

தாதிக் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க யேகனின் கூடாரத்துப் பக்கம் அவன் வரவே இல்லை. அக்காளைப் பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வரச் சொன்னான். யேகனைத் தோகன் மாற்றுக் குதிரைகளை ஓட்டும் வேலையில் போட்டார். "ஏன்ப்பா அவ்வளவு பெரிய வீரனைப் பின்னாடி வச்சிருக்காங்க?" என்று விவரம் தெரியாதவர்கள் கேட்கும்போதெல்லாம், யேகன் குனிந்து ஏதாவதொரு குதிரையின், கால் மாட்டும் அங்கவடி வாரை இறுக்கினான்.

குதிரைக் குட்டிகள் பிறக்கும் பருவத்தில் தாதிக் ஒருநாள் வந்தான். அக்காளிடம் பேசினான். குட்டிகளைப் பார்த்தான். யேகன் இரண்டு கையாலும் குதிரைப்பால் கிண்ணத்தை நீட்டினான். தாதிக் வாங்கிக்கொண்டு, வெளியே மேயும் குதிரைகளைப் பார்த்தபடியே குடித்தான். காலிக் கிண்ணத்தை, யேகன் நீட்டிய கையில் வைக்காமல், அல்துனிடம் கொடுத்தான்.